தறிக்கொட்டகையில் ஒரு பிக் அண்ட் பிளேஸ்

கோடை பிறந்துவிட்டால் தொலைக்காட்சிச் செய்தியில் எங்கள் ஊர் திருத்தணியின் பெயர் அடிக்கடி வரும். வேலூர், திருத்தணி, மதுரை விமான நிலையம் என்று வெயில் சதம் அடித்த இடங்களை வரிசையாக வாசிப்பார்கள். 40 டிகிரி, 41 டிகிரி, சில வருஷம் அதற்கும் மேலே. வீட்டில் யாராவது எழுந்து போய் மின்விசிறியைக் கூட்டி வைப்பார்கள். நான் அந்த எண்ணை மைக்ரானாக்கி மனசுக்குள் கணக்குப் போட ஆரம்பித்துவிடுவேன். பத்து டிகிரி ஏறினால் அரை மீட்டர் அலுமினியச் சட்டம் எவ்வளவு நீளும்? 115 மைக்ரான். ஒரு தலைமுடியின் பருமனைவிடக் கொஞ்சம் கூடுதல்.

தலைமுடி அளவு நகர்ந்தால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்பார்கள். எனக்கு ஒரு முறை ஏறக்குறைய முழுகியது. அதற்கு முன்னால் தொழிலைச் சொல்லிவிடுகிறேன்.

நான் செய்வது எஸ்எம்டி ஜாப் ஒர்க். சர்க்யூட் போர்டையும் அதில் உட்காரவேண்டிய ரெசிஸ்டர், கெப்பாசிட்டர், ஐசிகளையும் பார்ட்டி கொடுத்துவிடுவார்கள். போர்டின் மேல் ஸ்டென்சில் வைத்து சால்டர் பேஸ்ட் இழுத்து, பாகங்களை அதனதன் இடத்தில் பொருத்தி, ரீஃப்ளோ அடுப்பில் விட்டு உருக்கித் திருப்பிக் கொடுப்பது என் வேலை. கிணற்று மோட்டாரைச் செல்போனிலிருந்து ஓட்டும் ஸ்டார்ட்டர், எல்இடி விளக்கு டிரைவர், நூல் அறுந்தால் தறியை நிறுத்தும் சென்சார் என்று சின்னச் சின்ன ஆர்டர்கள். ஐம்பது போர்டு, நூறு போர்டு. ஐந்நூறு வந்தால் அது திருவிழா.

இதில் பாகம் பொருத்துவது பிக் அண்ட் பிளேஸ் மெஷின். எடு, வை. வேலை முழுவதும் பெயரிலேயே இருக்கிறது. ரீலில் சுற்றிய நாடாவிலிருந்து ஒரு பாகத்தை நாசில் உறிஞ்சி எடுக்கவேண்டும், கொண்டுபோய் பேஸ்ட்டின் மேல் வைக்கவேண்டும். நாங்கள் அதிகம் கையாளும் 0603 ரெசிஸ்டர் 1.6 மி.மீ. நீளம், 0.8 மி.மீ. அகலம். இரண்டு மில்லிகிராம் போல எடை. எள்ளைவிடச் சிறியது. 0402 என்றால் ஒரு மி.மீ. நீளம், அரை மி.மீ. அகலம், உள்ளங்கையில் போட்டால் வியர்வையில் ஒட்டிக்கொண்டு தேடவேண்டியிருக்கும்.

2007-ல் பாலிடெக்னிக் முடித்த கையோடு ஸ்ரீபெரும்புதூரில் ஒரு தொழிற்சாலையில் லைன் டெக்னீஷியனாகச் சேர்ந்தேன். நோக்கியா அங்கே உற்பத்தியைத் தொடங்கி ஒரு வருஷம் ஆகியிருந்தது. அந்த வட்டாரம் முழுக்க செல்போனும் செல்போனுக்குப் பாகமும்தான். எங்கள் லைனில் இரண்டு தலைமுறை மெஷின்கள் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. நான் இந்தத் தொழிலைக் கற்றதே அந்த இரண்டையும் மாறி மாறிப் பார்த்துத்தான்.

பழையது டர்ரெட் வகை. அதில் நாசில்கள் ஒரு வட்டத்தில் நிற்கும். அந்த வட்டம் நின்ற இடத்திலேயே சுழலும். பாகம் எடுக்கும் இடம் ஒன்று, வைக்கும் இடம் ஒன்று, இரண்டும் மாறாது. அதனால் ஃபீடர் வரிசை முழுவதும் பின்னால் இடமும் வலமும் ஓடி, வேண்டிய ரீலை எடுக்கும் இடத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தும். முன்னால் போர்டு தன் மேஜையோடு அதிர்ந்து அதிர்ந்து நகர்ந்து, வேண்டிய புள்ளியை நாசிலுக்குக் கீழே காட்டும். ஃபியூஜியின் சிபி-6 வரிசை மெஷின் இந்த முறையில் ஒரு பாகத்துக்கு 0.09 விநாடிதான் எடுத்துக்கொண்டது. பக்கத்தில் நின்றால் எனக்கு ஊரில் எங்கள் தறித் தெரு ஞாபகம் வரும், அதே தடதடப்பு.

புதியது கேன்ட்ரி வகை. போர்டு அசையாமல் நிற்கும், ஃபீடரும் நிற்கும், தலை மட்டும் பாலத்தில் ஓடும். சீமென்ஸின் சிபிளேஸ் மெஷினில் அந்தத் தலை ஒரு ரிவால்வர், பன்னிரண்டு நாசில். ஃபீடர் பக்கம் போய் பன்னிரண்டையும் வரிசையாக எடுத்துக்கொண்டு, ஒரே நடையில் போர்டுக்கு வந்து பன்னிரண்டையும் வைத்துவிட்டுத் திரும்பும். சந்தைக்கு ஒவ்வொரு காய்க்கும் ஒரு முறை போகாமல் பை நிறைய வாங்கி வருகிற மாதிரி.

லீவில் வீட்டுக்கு வந்தபோது இதை அப்பாவிடம் விவரித்தேன். அப்பா நாற்பது வருஷம் விசைத்தறி ஓட்டியவர். முழுக்கக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "அதுல எது ஓடுது, எது நிக்குது?" சொன்னேன். "பழசுல செய்யிற பொருளே ஓடுதே, அது ஆகாதே. தறியில நாடாதான் பறக்கும். துணி அசையறதே தெரியாது" என்றார். நாடா என்று அவர் சொன்னது ஊடை நூலை இழுத்துப் போகும் ஓடத்தை.

அப்பா சொன்னது அப்படியே டர்ரெட் வகையின் பலவீனம். பேஸ்ட்டின் ஒட்டும் தன்மையை நம்பித்தான் பாகம் போர்டில் உட்கார்ந்திருக்கிறது. இன்னும் உருகிப் பிடிக்கவில்லை. எள்ளளவு ரெசிஸ்டருக்கு அந்தப் பிடி போதும். எடையுள்ள காயிலையோ உயரமான கெப்பாசிட்டரையோ வைத்துவிட்டு மேஜையை அந்த வேகத்தில் உதறினால் நழுவும். அதனால் டர்ரெட்டில் சின்னப் பாகங்களை மட்டும் வைத்துவிட்டு, பெரியவற்றை அடுத்த மெஷினுக்கு விடுவார்கள். போகப் போக உலகம் முழுக்கக் கேன்ட்ரி பக்கம் சாய்ந்ததற்கு இது ஒரு முக்கியமான காரணம். 2003-ல் ஃபியூஜியே என்எக்ஸ்டி என்ற பெயரில் சின்னச் சின்ன கேன்ட்ரி மாட்யூல்களைப் பக்கத்துப் பக்கத்தில் அடுக்கும் மெஷினைக் கொண்டுவந்துவிட்டது.

2014 நவம்பர் 1-ம் தேதி நோக்கியா தொழிற்சாலை உற்பத்தியை நிறுத்தியது. அந்த வருஷம் முடிவதற்குள் நான் நின்ற லைனும் வேறிடத்துக்குப் போயிற்று, நான் போகவில்லை. இரண்டு மூன்று வருஷம் ஜாப் ஒர்க் கடைகளில் வேலை பார்த்தேன். 2017-ல் கையிருப்பையும் அம்மாவின் வளையலையும் சேர்த்து மேஜைமேல் வைக்கிற மாதிரி ஒரு சின்ன மெஷின் வாங்கினேன். இரண்டு நாசில், அலுமினியச் சட்டம், பால் ஸ்க்ரூ. அப்பா நாலு தறியில் இரண்டை விற்றுக் கொட்டகையில் இடம் ஒழித்துக் கொடுத்தார். ஜன்னலைத் திறந்தால் எதிரில் முருகன் கோயில் மலை. படித்திருவிழாவுக்கு டிசம்பர் 31 ராத்திரி 365 படியிலும் பாட்டுச் சத்தம் ஏறும்போது இங்கே கேட்கும்.

மிச்சமிருந்த இரண்டு தறி முதல் வாரத்திலேயே பாடம் சொன்னது. ஒவ்வொரு தட்டுக்கும் தரை அதிரும். ரெசிஸ்டர்கள் நாடாவின் குழிக்குள்ளேயே குதித்துப் புரண்டு கிடந்தன. மெஷின் நிற்கும் இடத்தைச் சுற்றித் தரையை வெட்டி, இடைவெளியில் மணல் கொட்டி, நடுவில் தனியாகக் கான்கிரீட் மேடை போட்டோம். அது சரியானது.

வெயில் அப்படிச் சுலபத்தில் பிடிபடவில்லை.

மறு வருஷம் மே மாசம். அம்பத்தூரிலிருந்து வந்த ஸ்டார்ட்டர் போர்டு. நடுவில் 48 கால் ஐசி ஒன்று. கால்களுக்கிடையே மையத்துக்கு மையம் அரை மி.மீ. தூரம், வெற்றிடம் மட்டும் பார்த்தால் 0.2 மி.மீ.தான். அடுப்பிலிருந்து வந்த போர்டுகளில் பாதிக்குப் பாதி கால்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பாலம் போட்டிருந்தன. ஸ்டென்சிலைத் துடைத்தேன். பேஸ்ட் டப்பாவை மாற்றினேன். வைக்கும் வேகத்தைப் பாதியாகக் குறைத்தேன். ஒன்றும் மாறவில்லை. ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் பூதக்கண்ணாடியும் சால்டரிங் அயர்னுமாக உட்கார்ந்து ஒவ்வொரு காலாகப் பிரித்தேன். பத்து நாள் இப்படியே போனது. சேர்த்து வைத்த பெயர் போய்விடும் என்று பயந்தேன்.

எங்களிடம் போர்டு பார்க்கும் அக்கா ஒருவர் இருக்கிறார். நகரி பக்கத்திலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவர். கோபம் வந்தால் தெலுங்கு, மற்ற நேரம் தமிழ். 1960-ல் எல்லையை மாற்றி எழுதியபோது திருத்தணி இன்றைய தமிழ்நாட்டுப் பக்கம் வந்தது, நகரி ஆந்திராவிலேயே நின்றது. எங்கள் வீட்டுக் கல்யாணங்கள் எந்த ஊரையும் பிரிக்கவில்லை. அக்கா முப்பது வருஷம் பாவு பிணைத்தவர். ஆயிரக்கணக்கான இழையில் ஒன்று இடம் மாறியிருந்தால் விரல் தடவியே சொல்லிவிடுவார். அவர் அன்றைக்கு அடுப்பில் போகாத போர்டு இரண்டைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார்.

"தம்பி, இது காலையில செஞ்சது, இது மத்தியானம் செஞ்சது. காலையில ஐசி நேரா குந்தினு இருக்குது. மத்தியானம் ஆனா எல்லாம் மலைப்பக்கமா நகந்து குந்துது, பாரு."

பார்த்தேன். எல்லா ஐசியும் ஒரே திசையில், ஒரே அளவில் நகர்ந்திருந்தது. பேஸ்ட்டோ நாசிலோ காரணமாயிருந்தால் ஒன்று அந்தப் பக்கமும் ஒன்று இந்தப் பக்கமும் போயிருக்கும். மெஷின் தன் உலகத்தையே மலைப்பக்கம் தள்ளி வைத்திருந்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாகச் சொல்லவேண்டும். போர்டின் மூலைகளில் ஒரு மி.மீ. விட்டத்தில் செப்புப் புள்ளிகள் இருக்கும். ஃபிடூஷியல் என்போம். தலையில் கீழ்நோக்கிப் பார்க்கும் கேமரா ஒன்று உண்டு. ஒவ்வொரு போர்டு வந்ததும் அது அந்தப் புள்ளிகளைப் போய்ப் பார்த்து, போர்டு எங்கே எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று கணக்கெடுத்துக்கொள்ளும். ஆகவே வெயிலில் சட்டம் நீண்டாலும் போர்டு விஷயத்தில் மெஷின் ஏமாறாது. நானும் அதை நம்பித்தான் வெப்பத்தைச் சந்தேகப்படாமல் விட்டிருந்தேன்.

ஆனால் இன்னொரு கேமரா இருக்கிறது. கீழே சட்டத்தில் பொருத்தி மேல்நோக்கிப் பார்ப்பது. கீழ்க்கேமரா என்போம். நாசில் பாகத்தை எடுத்ததும் அதன் மேல் போய் நிற்கும். பாகம் நாசில் நுனியில் எவ்வளவு தள்ளி, எவ்வளவு கோணலாக ஒட்டியிருக்கிறது என்று அது பார்த்துச் சொல்லும். வைக்கும்போது அந்தக் கோணலைத் திருத்தி வைக்கவேண்டும். அந்தக் கேமரா எங்கே இருக்கிறது என்பதை மெஷினுக்கு நான் ஒரு நாள் காலையில் அளந்து சொல்லியிருந்தேன். அதற்குப் பிறகு யாரும் அளக்கவில்லை.

காலை ஏழு மணிக்குக் கொட்டகையில் 27 டிகிரி. மதியம் இரண்டு மணிக்கு ஷீட் கூரைக்குக் கீழே 41. அலுமினியம் ஒரு டிகிரிக்கு மீட்டருக்கு 23 மைக்ரான் நீளும். ஸ்க்ரூவின் எஃகு 12 மைக்ரான் போல நீளும். கேமரா அலுமினியச் சட்டத்தில், போர்டிலிருந்து 400 மி.மீ. தள்ளி. தலையை நகர்த்துவது எஃகு. பதினாலு டிகிரிக்கு இரண்டுக்கும் வித்தியாசம் 0.06 மி.மீ. கேமரா அவ்வளவு நகர்ந்துவிட்டது. மெஷினோ பாகம்தான் நாசிலில் 0.06 தள்ளி ஒட்டியிருக்கிறது என்று நினைத்து, நேராக இருந்ததைத் 'திருத்தி' மலைப்பக்கம் தள்ளி வைத்தது. 0.2 மி.மீ. வெற்றிடத்தில் 0.06 இதிலேயே போனது, வழக்கமான பிசகு இன்னொரு 0.05, அதோடு வெயிலில் இளகிய பேஸ்ட்.

ரெசிஸ்டர்களும் அதே 0.06 நகர்ந்துதான் இருந்தன. அவை எங்கள் கண்ணில் படாததற்குக் காரணம் அடுப்பு. ஈயமில்லாத பேஸ்ட் 217 டிகிரியில் உருக ஆரம்பிக்கும்போது அதன் பரப்பு இழுவிசை சின்னப் பாகத்தைத் தன்பக்கம் இழுத்து நடுவில் உட்கார வைத்துவிடும். பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும். கோணலாகக் கிடந்த ரெசிஸ்டர் ஒரு நொடியில் சிலிர்த்து நேராகும். அந்த அழகு என் மெஷினின் தப்பை ஒரு வருஷம் மூடி வைத்திருந்தது.

வைத்தியம் சின்னதுதான். பித்தளைத் தகடு ஒன்றில் ஒரு மி.மீ. புள்ளி போட்டு, கீழ்க்கேமராவின் அதே பிராக்கெட்டில், லென்ஸை ஒட்டித் திருகினேன். ஒவ்வொரு போர்டுக்கும் முன்னால் தலைக் கேமரா அந்தப் புள்ளியைப் போய்ப் பார்க்கும். புள்ளி எவ்வளவு நகர்ந்ததோ, கீழ்க்கேமராவும் அவ்வளவு நகர்ந்திருக்கிறது. கணக்கில் சேர்த்துக்கொள்ளவேண்டியதுதான். பிறகு கேமராவையே போர்டுக்குப் பக்கத்தில் 120 மி.மீ. தூரத்துக்குக் கொண்டுவந்தேன். நீளம் குறைந்தால் நீட்சியும் குறையும்.

அந்த வாரம்தான் ஸ்ரீபெரும்புதூர் மெஷின் எனக்குப் புரிந்தது. சிபிளேஸின் பன்னிரண்டு நாசில் தலையில் பாகம் பார்க்கும் கேமரா தலையோடேயே இருக்கும். ரிவால்வர் சுழலும்போதே ஒவ்வொரு பாகமாகப் பார்த்துவிடும். ஜூக்கி மெஷின்களில் அதே இடத்தில் லேசர் இருக்கும். பாகத்தைக் கதிருக்குள் சுழற்றி நிழலை அளக்கும். தலையோடு வருவது தலையைவிட்டு விலகிப் போகாது. கேமராவுக்குப் போய் நின்று திரும்பும் நேரமும் மிச்சம். ஏழு வருஷம் அந்தத் தலையைத் துடைத்து எண்ணெய் போட்டிருக்கிறேன், அதை ஏன் அங்கே வைத்தார்கள் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. இதற்கு விலை உண்டு: தலை கனக்கும், கனத்தைத் தூக்கி ஓட்டப் பெரிய மோட்டார் வேண்டும், பெரிய மோட்டாரைத் தாங்கப் பெரிய சட்டம் வேண்டும். அப்பாவின் 'எது ஓடுது' திரும்ப வந்து நிற்கும்.

மெஷின் வாங்க யோசனை கேட்டு வருகிறவர்கள் எல்லோரும் தலையைத்தான் பார்ப்பார்கள். எத்தனை நாசில், மணிக்கு எத்தனை பாகம் என்று கேட்பார்கள். என் அனுபவத்தில் முதலில் பார்க்கவேண்டியது ஃபீடர்.

எட்டு மி.மீ. அகல நாடாவின் ஓரத்தில் நான்கு மி.மீ.க்கு ஒன்றாக 1.5 மி.மீ. துளைகள் இருக்கும். மேலே மெல்லிய மூடுநாடா ஒட்டியிருக்கும். ஃபீடர் ஒரு துளைக்கு இழுக்கவேண்டும், மூடுநாடாவை உரிக்கவேண்டும், பாகத்தைத் திறந்த குழியில் ஆடாமல் காட்டவேண்டும். என் சின்ன மெஷினில் தனி ஃபீடர் மோட்டார் கிடையாது. தலையில் இருக்கும் ஊசியே துளைக்குள் இறங்கி நாடாவை இழுக்கும். விலை குறைவு. ஆனால் உரிக்கும் விசை எல்லா ரீலுக்கும் ஒன்றில்லை. எட்டு மி.மீ. நாடாவுக்கு 10 கிராமிலிருந்து 100 கிராம் வரை இருக்கலாம் என்று தர விதியே பத்து மடங்கு இடம் கொடுத்திருக்கிறது. இளகினதை இழுக்கிற அளவுக்கு வைத்தால் இறுகினது உரியாது. இறுகினதுக்கு வைத்தால் இளகினது வெடுக்கென்று உரிந்து, ரெசிஸ்டர் குழியைவிட்டுத் தெறிக்கும். ரீலும் வேகம் பிடித்துத் தானாகச் சுற்றி நாடாவைத் தரையில் கொட்டும்.

அப்பா ஒரு நாள் முழுக்க அதன் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். சாயங்காலம் சொன்னார்: "இழுக்கிறது நல்லாத்தாம்பா இழுக்குது. நிப்பாட்டத்தான் ஆளில்ல." எழுந்து போய்த் தறியைக் காட்டினார். பாவு சுற்றிய பீமின் ஓரத்தில் கயிறு சுற்றி, கயிற்று நுனியில் எடை தொங்கும். எடைதான் பாவின் விறைப்பு. எடையை நகர்த்தினால் விறைப்பு மாறும். நான் ஒவ்வொரு ரீல் அச்சிலும் பருத்திக் கயிறு ஒன்றைச் சுற்றி, நுனியில் வாஷர்கள் கோத்துத் தொங்கவிட்டேன். இறுகின ரீலுக்கு ஒரு வாஷர், இளகினதுக்கு மூன்று. இன்றைக்கும் அதுதான் ஓடுகிறது. ஜப்பான் ஃபீடர்களில் இதையே ஸ்பிரிங்கும் கிளட்ச்சுமாகச் செய்திருக்கிறார்கள். திறந்து பார்த்தால் உள்ளே இதே யோசனை.

வறண்ட காற்று அடிக்கும் நாட்களில் இன்னொன்று நடக்கும். மூடுநாடா உரியும்போது நிலைமின்சாரம் ஏறி, பாகம் நாடாவோடு ஒட்டிக்கொண்டு போய்விடும். நாசில் வெறும் குழியை உறிஞ்சும். இதற்கும் தறிக்காரர் வழி இருந்தது. பருத்தி நூல் வறண்டால் அறும் என்று அப்பா கோடையில் ஜன்னலில் ஈரச் சாக்குத் தொங்கவிடுவார். அதைத் தொங்கவிட்ட நாட்களில் ஒட்டுவது குறைந்தது. ஃபீடர் உடம்பை எர்த்தோடு சேர்த்ததும் கிட்டத்தட்ட நின்றது.

வேகக் கணக்கு ஒன்றையும் இங்கே எழுதிவிடுகிறேன், புதிதாகத் தொழில் தொடங்க வருகிற பிள்ளைகளுக்கு நான் தாளில் போட்டுக் காட்டுவது. ஒரு போர்டில் 92 பாகம், 23 வகை. ஆர்டர் 50 போர்டு. மொத்தம் 4,600 பாகம். என் மெஷின் நிஜத்தில் மணிக்கு 3,000 வைத்தால், வேலை 92 நிமிஷம். 23 ரீலையும் மாட்டி, நாடா கோத்து, எடுக்கும் இடத்தைக் கேமராவில் பார்த்து உறுதி செய்ய ரீலுக்கு 4 நிமிஷம் என்றால் அதுவும் 92 நிமிஷம். இரண்டு மடங்கு வேகமான மெஷினுக்கு லட்சக்கணக்கில் கொடுத்து 46 நிமிஷம் மிச்சம் பிடிக்கலாம். பாதி ரீலை ஏற்கெனவே மாட்டி வைத்திருந்தாலும் அதே 46 நிமிஷம்.

தொழிற்சாலையில் ஒரே போர்டு வாரக்கணக்கில் ஓடும். அங்கே வேகம்தான் சோறு. எனக்கு வாரத்துக்கு ஏழு வகைப் போர்டு. ஆகவே இருபத்து நான்கு ஃபீடரை நிரந்தரமாக மாட்டிவிட்டேன், கழற்றுவதே இல்லை. 100 நானோ கெப்பாசிட்டர், 10 மைக்ரோ, 1கே, 10கே, 100கே, சிவப்பு எல்இடி, அடிக்கடி வரும் டிரான்சிஸ்டர். அந்தப் பட்டியலை அச்சடித்து டிசைன் பண்ணும் பையன்களிடம் கொடுத்தேன். "இங்க 9.1கே எதுக்கு? வெறும் புல்-அப்தானே, 10கே போடுங்க" என்று பேசினால் கேட்டுக்கொண்டார்கள். மெஷினில் ஒரு திருகுகூட மாற்றாமல் கிடைத்த வேகம் இது. மற்ற பாகங்கள் சென்னை ரிச்சி தெருவிலிருந்து முழம் போட்ட மாதிரி வெட்டின நாடாவாக வரும். அவற்றுக்கு நீளமான தட்டில் பள்ளம் கடைந்து, வெட்டு நாடாவை அப்படியே ஒட்டி வைக்கும் இடம் செய்தோம்.

2021-ல் சொந்தமாக ஒரு மெஷின் கட்டினேன். ஊரடங்கில் ஆர்டர் இல்லை, நேரம் இருந்தது. இந்த முறை சட்டம் எஃகு. அரக்கோணம் ரோட்டு லேத் அண்ணன் சதுரக் குழாயை வெல்ட் செய்து, ஒரு மாசம் வெயிலிலும் பனியிலும் போட்டு வைத்து, பிறகுதான் முகம் கடைந்து கொடுத்தார். வெல்டிங் சூட்டில் இரும்புக்குள் இறுகி நிற்கும் விசை கொஞ்சமாவது தளரட்டும் என்றார், நான் அவசரப்படுத்தவில்லை.

ஓட்டத்துக்கு பால் ஸ்க்ரூவை விட்டுப் பெல்ட்டுக்கு வந்தேன். இது கேட்பவர்களுக்கு வியப்பாக இருக்கும். பெல்ட் இழுத்தால் நீளும், ஸ்க்ரூ அப்படி நீளாது என்பது வாஸ்தவம்தான். ஆனால் எனக்கு ஒரு இடத்தின் நிஜமான தூரம் வேண்டியதில்லை. கேமரா பார்த்துச் சொன்ன இடத்துக்கு ஒவ்வொரு தடவையும் அதே மாதிரி திரும்பி வந்து நின்றால் போதும். பெல்ட் அதைச் செய்யும். 2 மி.மீ. பல்லுள்ள பெல்ட், 20 பல் கப்பி. ஒரு சுற்றுக்கு 40 மி.மீ. ஸ்டெப்பர் மோட்டாரின் 200 அடியைப் பதினாறாகப் பிரித்தால் ஒரு அடிக்கு 0.0125 மி.மீ. வருகிறது. இவ்வளவு நுணுக்கம் காகிதத்தில்தான். பாரம் ஏறினால் மோட்டார் அந்தச் சின்ன அடியை அப்படியே எடுக்காது. அதனால் என்கோடர் வைத்த மோட்டாராகப் போட்டேன். கரண்ட் ஆடினாலும் அடி தவறினது தெரியும். பாலத்துக்கு ஒரு பக்கம் மட்டும் இழுவை கொடுத்தால் மறுபக்கம் பின்தங்கிப் பாலம் கோணலாகும். பல்லக்கை ஒரு பக்கத்து ஆள் மட்டும் தூக்கிக்கொண்டு ஓடுவது போல. இரண்டு பக்கமும் மோட்டார் வைத்தேன்.

நாசில் இரண்டு, ஏற்றி இறக்க மோட்டார் ஒன்று. ஏற்றம் இறைக்கிற மாதிரி ஒன்று இறங்கினால் மற்றது ஏறும். நாசிலைத் திருப்பும் மோட்டாரின் அச்சு உள்ளே துளையுள்ளது, அதன் வழியாகவே காற்று உறிஞ்சுகிறது. நாசில் மட்டும் ஜூக்கி மாதிரி. எங்கேயும் கிடைக்கும், தேய்ந்தால் தூக்கிப் போட்டுவிட்டு வேறு மாட்டலாம்.

காற்று விஷயத்தில் முதலில் தப்புப் பண்ணினேன். வால்வைக் கீழே கன்ட்ரோல் பெட்டியில் வைத்து, ஒன்றரை மீட்டர் டியூபைத் தலைவரை இழுத்திருந்தேன். வால்வு மூடின பிறகும் டியூபுக்குள் வெற்றிடம் மிச்சம் நிற்கும். நாசில் பாகத்தை வைத்துவிட்டு எழும்பும்போது விட மனசில்லாமல் அரை மி.மீ. தூக்கிப் பிறகு போடும். ஊதித் தள்ளலாம் என்று காற்றைக் கூட்டினால் பக்கத்து ரெசிஸ்டரும் பறந்தது. வால்வைத் தலையிலேயே, நாசிலிலிருந்து ஒரு சாண் தூரத்தில் மாட்டியதும் ஊதவே தேவைப்படவில்லை. நாற்பது கிராம் கனம் கூடியது. இந்தக் கனத்தை நான் மனசாரத் தூக்குகிறேன்.

மென்பொருள் ஓபன்பிஎன்பி. உலகம் முழுக்கப் பலர் சேர்ந்து எழுதி இலவசமாகக் கொடுத்திருக்கும் நிரல். யாரோ எங்கேயோ என்னைப் போலவே வெப்பத்தோடும் மூடுநாடாவோடும் மல்லுக்கட்டியிருப்பது அதன் அமைப்புகளைத் திறந்து பார்த்தாலே தெரியும். நிரலை எழுதியவர்களுக்கு என் கொட்டகை தெரியாது. ஆனாலும் எனக்கு அவர்கள் கூட்டாளிகள்தான்.

கீழ்க்கேமராவைத் தலைக்குக் கொண்டுவரும் ஆசை இன்னும் விடவில்லை. நாசிலுக்குக் கீழே நழுவி வந்து போகும் சின்னக் கண்ணாடி ஒன்றும், பக்கவாட்டில் கேமராவுமாக ஒரு அமைப்பைச் செய்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். மூன்று தடவை கண்ணாடி நாசிலில் இடித்து உடைந்தது. நாலாவதை லேத் அண்ணன் இப்போது கடைந்துகொண்டிருக்கிறார். அதுவரை பித்தளைப் புள்ளிதான்.

நேற்று மதியம் கொட்டகையில் 40 டிகிரி. 48 கால் ஐசி ஓடிக்கொண்டிருந்தது. மெஷின் புள்ளியைப் பார்த்துவிட்டுத் திரையில் 0.01 என்று காட்டியது; எஃகுச் சட்டத்தில் அவ்வளவுதான் வரும். அக்கா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போர்டை ஜன்னல் வெளிச்சத்துக்குச் சாய்த்து, நாலு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"மலைப்பக்கம் போகல தம்பி" என்று சொல்லிவிட்டு அடுப்புக் கன்வேயரில் வைத்தார். அடுத்த போர்டு உள்ளே வந்தது.